புறாவால் வந்த நுரையீரல் தழும்பு: அப்பாவுக்கு மாற்று நுரையீரலுக்குப் பதிவு செய்யலாமா?

மதுரைக்காரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 59 வயது. சின்ன வயதிலிருந்தே மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்த்தவர். சில வருடங்களாக வறட்டு இருமல். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், டிபி இருக்குமோ என்று சளி டெஸ்ட் எடுத்தார்கள். கடைசியில் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் நாள்பட்ட ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் என்று தெரிந்தது, அதாவது புறாத்தூசி ஒத்துக்கொள்ளாமல் நுரையீரல் வீங்கித் தழும்பாகும் நோய். இரண்டு பக்கமும் தழும்பு, சில இடங்களில் தேன்கூடு மாதிரி துளைகள் என்று ரிப்போர்ட்.

இப்போது எஃப்.வி.சி. (மூச்சை இழுத்து ஊதும் மொத்தக் காற்று) இருக்க வேண்டியதில் 54 சதவீதம், டி.எல்.சி.ஓ. (நுரையீரல் ஆக்சிஜனை ரத்தத்துக்குக் கடத்தும் திறன்) 33. உட்கார்ந்திருந்தால் விரல் மெஷினில் ஆக்சிஜன் 93 காட்டுகிறது, பாத்ரூம் போய் வந்தால் 84. ராத்திரி 2 லிட்டர் ஆக்சிஜன். ஸ்டீராய்டு குறைந்த அளவில் போகிறது, தழும்பு பரவுவதை மெதுவாக்கும் நின்டெடானிப் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

போன முறை டாக்டர் "மாற்று நுரையீரல் பற்றி யோசியுங்கள், சென்னைக்குக் கடிதம் தருகிறேன்" என்றார். வீட்டில் அன்றிலிருந்து சண்டைதான். சித்தப்பா போனில் எதையோ படித்துவிட்டு, "மாத்தினாலும் அஞ்சு வருஷம்தானாம், அதுக்கு எதுக்கு நெஞ்சைப் பிளக்கணும், சொத்தை விக்கணும்?" என்கிறார். அம்மா வாயே திறப்பதில்லை. அப்பா "என்னை விடும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அந்த ஐந்து வருடக் கணக்கு உண்மைதானா? இந்த நோய்க்காரர்கள் மாற்றிய பிறகு எப்படி இருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

திருப்பூர் ஜெயா

அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா. புறாக்கூண்டு இன்னும் மாடியில் இருக்கிறதா?

---

மதுரைக்காரி

புறா எல்லாவற்றையும் போன தை மாதம் கொடுத்துவிட்டோம் அக்கா. கூண்டு மட்டும் நிற்கிறது. அதைப் பிரிக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை.

---

சேலம் நெஞ்சக மருத்துவர்

கூண்டை இந்த வாரமே பிரித்துவிடுங்கள். அப்பா வேறு வீட்டில் இருக்கும் நாளில், ஆள் வைத்து, எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். பறவை போன பின்னும் அதன் எச்சத்தூளும் இறகுத்தூளும் வீட்டுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். நுரையீரல் அதற்கும் கோபித்துக்கொண்டேதான் இருக்கும். மாற்று அறுவை பற்றி என்ன முடிவெடுத்தாலும் முதல் வேலை இதுதான்.

உங்கள் அப்பாவுடையது அபூர்வமான கதை அல்ல. 2017-இல் வெளியான இந்திய ஐ.எல்.டி. (நுரையீரல் திசு வீங்கித் தழும்பாகும் நோய்கள்) பதிவேட்டில் 19 நகரங்களின் 27 மையங்களிலிருந்து 1084 நோயாளிகள் இருந்தார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 47 சதவீதம் பேருக்கு இதே ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ். காரணம் தெரியாமல் தழும்பு விழும், மேல்நாட்டில் அதிகம் பேசப்படும் ஐ.பி.எஃப். இங்கே 14 சதவீதம்தான்.

இனி கணக்கு. சர்வதேச இதய, நுரையீரல் மாற்றுச் சங்கத்தின் பதிவேட்டில், 2010 முதல் 2017 வரை நுரையீரல் மாற்றிக்கொண்ட பெரியவர்களின் இடைநிலை ஆயுள் 6.7 வருடம். தொண்ணூறுகளில் இது 5 வருடத்துக்கும் குறைவு. நோய்வாரியாகப் பிரித்தால் ஐ.பி.எஃப். வகைக்கு 5 வருடத்துக்குச் சற்று மேல், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள இளைஞர்களுக்குக் கிட்டத்தட்ட 10. சித்தப்பா படித்தது அந்த ஐ.பி.எஃப். எண்ணாக இருக்கும். அது பொய்யில்லை, ஆனால் 1992-இலிருந்து நடந்தவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்த எண். அதில் வயதானவர்களும் அதிகம்.

இடைநிலை என்றால் நூறு பேரில் ஐம்பது பேர் அதைத் தாண்டியும் இருக்கிறார்கள் என்று பொருள். யாருக்கும் வைத்த கெடு அல்ல. முதல் வருடம்தான் கடினமான வருடம். அதைக் கடந்தவர்களை மட்டும் எடுத்தால் இடைநிலை 8 வருடத்தைத் தாண்டுகிறது. இன்னொன்றும் உண்டு. ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ் நோயாளிகள் மாற்று அறுவைக்குப் பிறகு ஐ.பி.எஃப். நோயாளிகளைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 2015-இல் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் உங்கள் அப்பாவுக்கு அது சாதகமான செய்தி.

சித்தப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: மாற்றாமல் இருந்தால் எத்தனை வருடம்? எஃப்.வி.சி. 54, டி.எல்.சி.ஓ. 33, நடந்தால் 84. ஐந்து வருடத்தை இந்த நுரையீரலோடு வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

---

ஸ்காபரோ ரவி

தங்கச்சி, நான் கனடாவில் சுவாசப் பயிற்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். நுரையீரல் மாற்றினவர்களைத் தினமும் நடக்க வைக்கிறதுதான் என்ர வேலை. ஒரு பழைய கதையை உங்கட அப்பாவுக்குச் சொல்லுங்கோ.

மனிதரில் முதல் நுரையீரல் மாற்றுச் சத்திரசிகிச்சை 1963-இல் அமெரிக்காவில் மிசிசிப்பியில் நடந்தது. அந்த நோயாளி 18 நாள்தான் இருந்தார். அதற்குப் பிறகு இருபது வருடமாக நாற்பதுக்கு மேற்பட்ட முயற்சி, ஒருவரும் நிலைக்கவில்லை. அநேகமாகப் பிரச்சினை எங்கே வந்தது என்றால், புது நுரையீரலின் மூச்சுக்குழாயைப் பழைய குழாயோடு தைக்கிற இடம். அங்கே இரத்த ஓட்டம் போதாது, ஸ்டீராய்டு வேறு புண்ணை ஆறவிடாது, தையல் விட்டுப் போகும். ரொறன்ரோவில் ஜோயல் கூப்பரின் குழு இதையே பிடித்துக்கொண்டு ஆராய்ந்தது. வயிற்றுக்குள் குடலை மூடியிருக்கிற கொழுப்பு மடிப்பை மேலே இழுத்து அந்தத் தையலைச் சுற்றிவிட்டார்கள், அதிலிருந்து இரத்தம் ஊறட்டும் என்று. ஸ்டீராய்டைக் குறைக்க அப்போது புதிதாக வந்த, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற சைக்ளோஸ்போரின் மருந்து உதவியது. 1983 நவம்பரில் 58 வயதுக்காரர் ஒருவருக்கு ஒரு நுரையீரலை மாற்றினார்கள். அவர் ஆறு வருடத்துக்கு மேல் இருந்தார்.

அவருக்கு இருந்த வருத்தம், அதாவது நோய், என்ன தெரியுமோ? நுரையீரல் தழும்புதான். உலகத்தில் முதன்முதல் இந்தச் சிகிச்சையால் நீண்ட நாள் பிழைத்தவர் உங்கட அப்பாவின் வயதுக்காரர், அதே மாதிரி வருத்தக்காரர்.

மற்றது, அப்பாவைப் படுக்க விடாதேங்கோ. மூச்சு வாங்குது என்று நடையைக் குறைத்தால் தொடைத் தசை கரைந்துவிடும். ஆக்சிஜனைப் போட்டுக்கொண்டே நடக்கட்டும், 88-க்குக் கீழே இறங்காமல் லிட்டரைக் கூட்டிக்கொண்டு. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருக்கப் பழக்குங்கோ. சத்திரசிகிச்சை முடிந்து வெண்டிலேட்டரிலிருந்து வெளியே வருகிறபோது அந்தத் தொடையின் பலம் எவ்வளவு பெறுமதி என்று நான் ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறேன்.

---

நெல்லை மைந்தன்

எல்லோரும் நம்பிக்கையாகவே எழுதுகிறீர்கள். மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு ஐ.பி.எஃப். உள்ளூரில் பார்த்த மருத்துவமனை எங்களை மாற்று மையத்துக்கு அனுப்பியபோதே அம்மா உட்கார்ந்த இடத்தில் 6 லிட்டர் ஆக்சிஜனில் இருந்தார். கடவுள் புண்ணியத்தில் உறுப்பு கிடைத்தது. இரண்டு நுரையீரலும் மாற்றினார்கள். வீட்டுக்கு வந்து, கோலம் போட்டு, பேத்திக்குத் தலை பின்னிவிட்டார். முதல் வருடம் அப்படி. இரண்டாவது வருடத்தில் ஊதும் அளவு இறங்க ஆரம்பித்தது. நாள்பட்ட நிராகரிப்பு என்றார்கள், உடம்பு புது நுரையீரலை ஏற்காமல் தாக்குகிறதாம். அதிலும் மூச்சுக்குழாய் அடைபடும் வகை இல்லை, நுரையீரலே இறுகும் ராஸ் என்ற வகை. எத்தனை மருந்து மாற்றியும் நிற்கவில்லை. பழைய நோயே திரும்ப வந்த மாதிரி அதே இருமல், அதே ஆக்சிஜன். அதைப் பார்த்துக்கொண்டு இருந்தது முதல் தடவையைவிடக் கொடுமை.

மாற்றாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் "புது நுரையீரல், புது வாழ்க்கை" என்று விளம்பரம் போல் சொல்கிறார்களே, அதை நம்பிப் போகாதீர்கள். ஒரு நோயைக் கொடுத்து இன்னொரு நோயை வாங்குகிறோம். அந்த இன்னொரு நோயையும் தெரிந்துகொண்டு போங்கள்.

---

சேலம் நெஞ்சக மருத்துவர்

நெல்லை மைந்தன், உங்கள் அம்மாவுக்கு என் அஞ்சலி. நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தையும் மிகையில்லை. ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு வடிவில் நாள்பட்ட நிராகரிப்பு வந்துவிடுகிறது. சிறுநீரகம், கல்லீரல் போல அல்லாமல் நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றைத் தொடுகிறது. தூசி, வைரஸ், இரைப்பையிலிருந்து மேலேறும் அமிலம் எல்லாம் அதன் மேல் விழுகின்றன. ஆயுள் கணக்கில் நுரையீரல் பின்தங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். அடைபடும் வகையில் சிலருக்கு அஸித்ரோமைசின் போன்ற மருந்துகள் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். ராஸ் வகைக்கு இன்றைக்கும் நல்ல மருந்து இல்லை.

ஆனால் உங்கள் பதிவில் ஒரு வரியில்தான் எனக்கு வயிறு எரிகிறது. "அனுப்பியபோதே 6 லிட்டர்." நம் ஊரில் இது தினமும் நடக்கிறது. மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்து, கைவிரிக்கும் நேரத்தில் மாற்று மையத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். சர்வதேச வழிகாட்டுதல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. தழும்பு வகை ஐ.எல்.டி. என்றால் எஃப்.வி.சி. 80-க்குக் கீழோ டி.எல்.சி.ஓ. 40-க்குக் கீழோ போனாலே, அல்லது நடக்கும்போது ஆக்சிஜன் தேவைப்பட்டாலே, மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஐ.பி.எஃப். போன்றவற்றில் நோய் உறுதியானதுமே அனுப்பலாம். மதுரைக்காரியின் அப்பா அந்தக் கோடுகள் எல்லாவற்றையும் தாண்டிவிட்டார்.

நின்டெடானிப் தழும்பைக் கரைக்காது. 2019-இல் வந்த இன்பில்ட் ஆய்வில், மருந்து சாப்பிடாதவர்கள் வருடத்துக்குச் சுமார் 188 மில்லி கொள்ளளவை இழந்தார்கள், சாப்பிட்டவர்கள் 81 மில்லி. இறக்கம் மெதுவாகிறது, அவ்வளவுதான். அந்த மெதுவான காலத்தைத்தான் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்த வேண்டும். சளிக்காய்ச்சல் வந்து திடீரென்று நோய் முற்றி ஐ.சி.யு.வில் சேர்ந்த பிறகு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடுகிறது.

மதிப்பீட்டுக்குப் போவதற்கும் அறுவைக்குச் சம்மதிப்பதற்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது. போய்ப் பரிசோதித்துவிட்டு வேண்டாம் என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அது அவர்களாகத் தெரிந்து எடுத்த முடிவு.

---

வேலூர் சுரேஷ்

இடையில் ஒரு சந்தேகம் டாக்டர். எங்கள் மாமாவுக்கும் ஐ.பி.எஃப். ஒரு நுரையீரலா, இரண்டா? எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்?

---

சேலம் நெஞ்சக மருத்துவர்

தழும்பு நோயில் இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். இரண்டும் மாற்றியவர்கள் நீண்ட காலக் கணக்கில் சற்று மேல். ஒன்று மட்டும் என்றால் அறுவை சிறியது, ஒரு கொடையாளரால் இரண்டு பேர் பிழைக்கலாம். ஆனால் உள்ளே நிற்கும் பழைய நுரையீரல் தொடர்ந்து சுருங்கும். நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் பொதுவாக இரண்டும்தான்.

காத்திருப்பை யாராலும் சொல்ல முடியாது. ரத்த வகை பொருந்த வேண்டும், அளவும் பொருந்த வேண்டும். தழும்பு நோயில் நெஞ்சுக்கூடே சுருங்கிவிடுவதால் உயரமான கொடையாளரின் நுரையீரல் உள்ளே அடங்காது. மூளைச்சாவு அடைந்தவரின் நுரையீரல் பல நேரம் வெண்டிலேட்டர் தொற்றாலோ விபத்தில் பட்ட அடியாலோ கெட்டுப்போயிருக்கும். கிடைத்தாலும் வழக்கமான முறையில் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்திவிடப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் பட்டியலை நடத்துவது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். மருத்துவமனை வழியாகத்தான் பதிவு செய்ய முடியும். தரகர் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாமா குடும்பத்தில் இளநரை, ரத்த அணுக் குறைவு, காரணம் தெரியாத கல்லீரல் சுருக்கம் யாருக்காவது உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் டெலோமியர் (குரோமோசோமின் நுனி) குறைபாடாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய மருந்துகளால் வெள்ளணு சரிந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் மருந்தை அதற்கேற்ப அமைப்பார்கள்.

---

திருப்பூர் ஜெயா

இப்போது நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு முடக்குவாதத்தோடு சேர்ந்து வந்த நுரையீரல் தழும்பு. இரண்டும் மாற்றி நான்கு வருடம் ஆகிறது. நெல்லைத் தம்பி எழுதியது எல்லாம் உண்மை. எங்களுக்கு வேறு மாதிரி அமைந்தது, அதையும் எழுத வேண்டும்.

காலை எட்டு மணி, ராத்திரி எட்டு மணி, நிராகரிப்பைத் தடுக்கும் டேக்ரோலிமஸ் மாத்திரை. கல்யாண வீடாக இருந்தாலும் சரி, எழவு வீடாக இருந்தாலும் சரி, அந்த நேரம் மாறாது. ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரை போடாமல் லேபுக்குப் போய், ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டுவிட்டால் அளவு தப்பாகக் காட்டும். பம்பளிமாஸ் பழம் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, அது ரத்தத்தில் மருந்தை ஏற்றிவிடும். அந்த மருந்தால் கை நடுங்கும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்கில் செக்கைத் திருப்பி அனுப்பினார்கள், புதுக் கையெழுத்துப் பதிய வேண்டியதாயிற்று. சர்க்கரை வந்துவிட்டது, இன்சுலின் போடுகிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எல்லையிலேயே நிற்கிறது.

தினமும் காலையில் பல் விளக்கியதும் ஸ்பைரோமீட்டரில் ஊதுவார், நான் நோட்டில் எழுதுவேன். வழக்கமாக 2.4 லிட்டரை ஒட்டி வரும். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் 2.2, அடுத்த நாள் 2.1. இவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, நன்றாகத்தான் சாப்பிட்டார். "மெஷின் கோளாறு, விடு" என்றார். நான் விடவில்லை, பத்து சதவீதம் இறங்கினால் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அன்று ராத்திரியே ரயில் ஏறினோம். பிராங்கோஸ்கோப்பி செய்து, மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, துணுக்கு எடுத்துப் பார்த்தால் நிராகரிப்பு தொடங்கியிருந்தது. மூன்று நாள் நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அளவு திரும்ப 2.3-க்கு வந்தது. அதனால் சொல்கிறேன், அந்த நோட்டை எழுத ஒரு ஆள் வீட்டில் வேண்டும். மாத்திரை போல அதுவும் சிகிச்சைதான்.

பணம். எங்களுக்குச் சொன்ன தொகை முப்பது லட்சத்தை ஒட்டி. அரசுக் காப்பீடு, முதல்வர் நிவாரண நிதி, நகை, இவருடைய அண்ணன் என்று சேர்த்துத்தான் கட்டினோம். இதைவிட ஆளை அசைப்பது அப்புறம் வரும் செலவு. மருந்து, டெஸ்ட், பயணம் என்று மாதம் இருபதாயிரத்துக்குக் குறைவதில்லை, ஆயுசுக்கும். ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கியாக வேண்டும். சித்தப்பா சொத்து பற்றிப் பேசுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதேம்மா, அந்தக் கணக்கையும் ஒருவர் உட்கார்ந்து போடத்தான் வேண்டும்.

இத்தனையும் இருந்தும் கேட்டால், நான் திரும்பவும் சரி என்றுதான் சொல்வேன். இவர் இப்போது காலையில் பாலுக்கு நடந்து போகிறார். கொடுத்த குடும்பம் யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாதாம். 2023-இல் உறுப்புக் கொடை செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று முதல்வர் அறிவித்தபோது இவர் டிவி முன்னால் எழுந்து நின்றார்.

---

மதுரைக்காரி

எல்லாப் பதிவுகளையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரவி அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். நெல்லை அண்ணன் எழுதியதை நான் தாண்டிப் போகப் பார்த்தேன், "அதையும் படி" என்றார். முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்த மாதிரி யாரும் என்கிட்ட நேரா சொல்லல" என்றார். சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவரே சொன்னார். அறுவைக்கு இன்னும் சம்மதம் இல்லை.

கூண்டைப் பிரித்தாகிவிட்டது. அப்பா ஒன்று கேட்கச் சொன்னார் டாக்டர்: புது நுரையீரல் வைத்த பிறகு புறா வளர்க்கலாமா?

---

சேலம் நெஞ்சக மருத்துவர்

கூடாது. புது நுரையீரலிலும் இதே நோய் திரும்ப வந்தது பதிவாகியிருக்கிறது. நுரையீரல் வேறொருவருடையதாக இருந்தாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அப்பாவுடையதுதான், அது புறாவை மறக்காது. எச்சத்தில் வளரும் பூஞ்சைகள் தனி ஆபத்து. இதை மறைக்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள், முடிவெடுக்கும்போது அவருக்கு இதுவும் தெரிந்திருக்கட்டும்.

---

நெல்லை மைந்தன்

போகும்போது அந்த மையத்தில் இதைக் கட்டாயம் கேளுங்கள்: உங்களிடம் தழும்பு நோய்க்காக மாற்றிக்கொண்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒரு வருடம், மூன்று வருடம் கடந்தவர்கள் எத்தனை பேர்? மொத்தக் கணக்கைச் சொன்னால் விடாதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு நடு ராத்திரி காய்ச்சல் வந்தால் போனை எடுப்பது யார் என்றும் கேளுங்கள். எங்களுக்கு அந்த போனை எடுக்க ஆளில்லாமல் போனது.

---

மதுரைக்காரி

கண்டிப்பாகக் கேட்கிறேன் அண்ணா. அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட். கையில் என்னவெல்லாம் கொண்டு போக வேண்டும்?

---

திருப்பூர் ஜெயா

ஸ்கேன் ஃபிலிம் மட்டும் போதாது, சிடி கேட்டு வாங்கிக்கொள். பழைய ஸ்கேனும் வேண்டும், எவ்வளவு வேகமாக மாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நுரையீரல் டெஸ்ட் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கு. டிபி டெஸ்ட் எடுத்தது, எப்போதாவது டிபி மருந்து சாப்பிட்டது இருந்தால் அந்தச் சீட்டும். ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், எந்த மாதத்திலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொள், முதல் கேள்வியே அதுதான் வரும். ஊரிலேயே பல் டாக்டரிடம் காட்டிவிட்டால் நல்லது, சொத்தைப் பல் இருந்தால் பட்டியலில் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசி போட்டிருந்தால் அதன் விவரம்.

ரயில் என்றால் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் மெஷினை நம்பாதே, பிளக்கில் கரண்ட் சரியாக வராது. ரயிலில் ஆக்சிஜன் சிலிண்டரை எப்படி அனுமதிப்பார்கள் என்று முன்கூட்டியே ஸ்டேஷனில் கேட்டுக்கொள். கார் என்றால் சின்ன சிலிண்டர் இரண்டு, வழியில் மாற்ற விழுப்புரத்தில் ஒரு இடம் பார்த்து வை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. மருந்து கொடுக்கப் போவது அவர்கள்தான், அவர்களிடமும் தனியாக உட்கார்ந்து பேசுவார்கள்.